வண்டும் வண்டியும்

போலந்து தேசத்தில் லூப்ளின் என்று ஒரு நகரம் இருக்கிறது. என் பெண்ணின் மகன் அங்கே வைத்தியம் படித்துக்கொண்டிருக்கிறான். "வைத்தியம் படிக்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா?" என்று நான் கேட்டேன். "நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள் தாத்தா, நான் அதற்குள் போய் முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

போன மாதம் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏதோ கிராமத்துச் சந்தை. நீல நிறத்தில் ஒரு பழைய வேன். உருண்டையாக இரண்டு விளக்குகள், மொட்டையான மூக்கு. பின்கதவைத் திறந்து வைத்து, உருளைக்கிழங்கு மூட்டைகளை வரிசையாகச் சாத்தியிருந்தது. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் நின்றுகொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். படத்தின் கீழே, 'தாத்தா, புவனகிரி வேன் மாதிரி இல்லை?' என்று எழுதியிருந்தான்.

பாட்டன்மார்கள் சொல்லும் பழங்கதைகளைப் பேரன்மார்கள் காதில் வாங்குவதே இல்லை என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. அது சரியில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் நான் சந்தோஷப்பட்டு நாலு வார்த்தை எழுதியிருக்கலாம் அல்லவா? அப்படிச் செய்யவில்லை. என் கை தன் போக்கில், 'அந்த வண்டிக்கு ஸ்பேர் பாகம் எங்கே கிடைக்கிறது என்று அந்தக் கிழவரைக் கேள்' என்று எழுதி அனுப்பிவிட்டது.

பையன் திகைத்துப் போயிருப்பான். இருந்தாலும் மறுவாரம் சந்தைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து பதில் எழுதினான். அந்த வண்டிக்குப் பெயர் 'ஷூக்'. அவர்கள் பாஷையில் வண்டு என்று அர்த்தமாம். கிழவர் வீட்டுக் கொல்லையில் இன்னும் இரண்டு வண்டுகள் செத்துக் கிடக்கின்றனவாம். அவற்றைப் பிய்த்துப் பிய்த்து இதற்குப் போடுகிறாராம்.

அவன் எழுதியதோடு நான் விடவில்லை. வயதானவனுக்கு வேலை என்ன? தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நாம் இங்கே புவனகிரியில் உட்கார்ந்துகொண்டு அனுபவித்த சங்கதியையே எவனோ ஒருவன் பனி விழும் தேசத்திலும் அனுபவித்திருக்கிறான் என்று தெரிந்தது.

வண்டின் வமிசாவளி வேடிக்கையானது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ருஷ்யர்கள் 'பொபேதா' என்று ஒரு கார் செய்தார்கள். வெற்றி என்று பொருள். அதன் எஞ்சின், அமெரிக்க டாட்ஜ் காரின் எஞ்சினைப் பார்த்துப் பழகிய கைகளால் ஆனது. அந்தக் காரைச் செய்கிற உரிமையைப் போலந்துக்காரர்கள் வாங்கி, 1951-ல் தங்கள் தலைநகரின் பெயரை வைத்து 'வர்ஷாவா' என்று வெளியிட்டார்கள். பிறகு அந்தக் காரின் எஞ்சினையும் அடிப்பாகங்களையும் எடுத்து, மேலே ஒரு பெட்டியைக் கட்டினால் சாமான் வண்டி ஆகிவிடாதா என்று யோசித்தார்கள். ஒன்றல்ல, இரண்டு ஊர்களில் யோசித்தார்கள். நிசா என்ற ஊரில் 1958-ல் ஒரு வேன் பிறந்தது. லூப்ளின் லாரித் தொழிற்சாலையில் 1959-ல் வண்டு பிறந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான். நிசாவுக்குப் போலீஸ், ஆம்புலன்ஸ் என்று உத்தியோக யோகம். வண்டுக்கு உழைக்கிற யோகம். கடைக்கு ரொட்டி, கிராமத்துத் தீயணைப்புப் படை, தபால் மூட்டை, சந்தைக்குக் காய்கறி எல்லாம் அதன் தலையில்தான்.

சுமை 900 கிலோ. ஆரம்பத்தில் எஞ்சினின் பலம் 50 குதிரை. பிறகு 70 குதிரை வந்தது. உருவத்தில் பெரிய மாறுதல் கிடையாது. மற்ற தேசங்களில் மாடல் மாற்றி, மூக்கை மாற்றி, மறுபடி மூக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது, லூப்ளினில் 1998 வரையில் அந்த வண்டையே செய்துகொண்டிருந்தார்கள். முப்பத்தொன்பது வருஷம்! கடைசிக் கணக்கு ஏறக்குறைய 5,87,500 வண்டிகள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பணமில்லை என்பதுதான் காரணம் என்று அறிவாளிகள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மாறாத வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு. 1970-ல் செத்த வண்டியின் பாகம் 1990-ல் நொண்டுகிற வண்டிக்குப் பொருந்தும். அந்தக் கிழவரின் கொல்லையே அதற்குச் சாட்சி.

இன்னொரு விஷயம் படித்தபோதுதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வண்டில் எஞ்சின் முன்னால் தனியாக இல்லை. டிரைவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. போலந்தின் குளிர்காலத்தில் அது கணப்பு மாதிரி உபயோகப்பட்டிருக்கும். அந்தப் பாக்கியவான்கள்!

எங்கள் மாமாவின் வேனிலும் எஞ்சின் அங்கேதான் இருந்தது. அக்கினி நட்சத்திரத்தில், பரங்கிப்பேட்டை ரோட்டில், மத்தியானம் ஒரு மணிக்கு அந்த மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்களுக்கு நரகத்தைப் பற்றித் தனியாக யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வலது கால் பக்கம் வெந்தது என்று நான் சொல்வேன். டிரைவர் அண்ணன், "எனக்கு வலது காலு நல்லாத்தான் இருக்கு தம்பி" என்பார்.

புவனகிரி பெரிய ஊர் இல்லை. சிறிய ஊரும் இல்லை. வெள்ளாற்றின் வடகரையில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் சிதம்பரம், கிழக்கே போனால் பரங்கிப்பேட்டையும் கடலும், மேற்கே சேத்தியாத்தோப்பு. ராகவேந்திர சுவாமிகள் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்வோம். உள்ளூர்க்காரர்களுக்குள் நெல் விலையையும் தறி நிலவரத்தையும் பற்றித்தான் பேச்சு. அங்கே கடைத்தெருவில் என் மாமாவுக்கு மொத்த மளிகைக் கடை. சுற்றுக் கிராமங்களில் இருக்கிற சின்னக் கடைகளுக்கு அரிசி, வெல்லம், தீப்பெட்டி, சோப்பு எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். இரண்டு ஒற்றை மாட்டு வண்டிகள் வைத்திருந்தார். 1974-ல் அவற்றை விற்றுவிட்டு ஒரு வேன் வாங்கினார். ஸ்டாண்டர்டு 20.

இந்த வேனுக்கும் ஒரு வமிசாவளி உண்டு. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1958-ல் 'அட்லஸ்' என்று ஒரு வேன் கொண்டுவந்தார்கள். வானத்தையே தோளில் தாங்கும் கிரேக்க ராட்சசனின் பெயர். பெயர்தான் ராட்சசன். உள்ளே வைத்தது 948 சி.சி. எஞ்சின், அதாவது அவர்களுடைய சின்னக் காரின் எஞ்சின். போலந்துக்காரர்களுக்குத் தோன்றிய அதே யோசனைதான், கார் எஞ்சினுக்கு மேலே ஒரு பெட்டி. மேடு வந்தால் ராட்சசனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு பெரிய எஞ்சின் போட்டார்கள். அந்தப் பெரிய எஞ்சின், வான்கார்டு காருக்கும் பெர்குசன் டிராக்டருக்கும் சொந்தமான குடும்பத்தைச் சேர்ந்தது. 1961-ல் லேலண்டு கம்பெனியார் ஸ்டாண்டர்டை வாங்கிக்கொண்டார்கள். 1963-ல் அந்தப் பெயரையே இங்கிலாந்தில் எடுத்துவிட்டார்கள்.

ஏன் எடுத்தார்கள் தெரியுமா? ஸ்டாண்டர்டு என்றால் ஒரு காலத்தில் மற்றவற்றுக்கு அளவுகோலாக நிற்பது என்று பொருள். நாளாவட்டத்தில் இங்கிலீஷ்காரர்களுக்கு அது 'சாதாரணம்' என்று ஆகிவிட்டது. டீலக்ஸ் வேண்டுமா, ஸ்டாண்டர்டு போதுமா என்று கேட்கிற மாதிரி. சாதாரணக் கார் என்ற பெயரில் கார் விற்க முடியுமா? ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு எந்தக் குறைவும் வரவில்லை. "பையன் வீட்டார் ஸ்டாண்டர்டான மனுஷர்கள்" என்றால் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். என் மாமா அந்த வேனை வாங்கியதில் பாதிக் காரணம் அந்தப் பெயர்தான்.

இங்கிலாந்தில் வேன் வேறு பெயர் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓடியது. ஏற்றக்கூடிய எடையை வைத்து லேலண்டு 15, லேலண்டு 20 என்று கூப்பிட்டார்கள். 1968-ல் அதை நிறுத்திவிட்டு, அச்சுகளையும் இயந்திரங்களையும் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் இந்தியக் கிளை 1948-லேயே தோன்றிவிட்டது. தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட், 1961-லிருந்து ஹெரால்டு, 1972-ல் கெஸல் என்று அங்கே கார்கள் பிறந்து ஓடின. ஹெரால்டு கார் வைத்திருந்த டாக்டர்களையும் வக்கீல்களையும் என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1977-க்குப் பிறகு அங்கே கார் செய்வது நின்று, வேன் மட்டும் மிஞ்சியது. பிறந்த வீட்டில் வேண்டாம் என்று அனுப்பிவைத்த பெண், புகுந்த வீட்டில் அடுப்பு அணையாமல் எட்டு வருஷம் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இருக்கட்டும். 20 என்றால் என்ன? இருபது ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஒரு டன். ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 ராத்தல், நம் அரிசி மூட்டையில் ஏறக்குறையப் பாதி. இதெல்லாம் என் மாமாவுக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். வேனின் நெற்றியில் 20 என்று இருந்தது. மாமாவைப் பொறுத்தவரையில் 20 என்றால் இருபது மூட்டை. நூறு கிலோ மூட்டை.

"முதலாளி, பத்துதான் தாங்கும்" என்று டிரைவர் அண்ணன் சொல்லிப் பார்த்தார்.

"ஏன்டா, கம்பெனிக்காரன் எழுதி ஒட்டியிருக்கான், உனக்கு அவனைவிடத் தெரியுமா?" என்றார் மாமா.

அண்ணன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் வண்டியின் பேச்சு அவருக்குத் தெரியும். கீரப்பாளையம் தாண்டும்போது திடீரென்று காதைச் சாய்த்துக்கொண்டு, "பின்னால பல்லைக் கடிக்குது" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும் சுமை தூக்குகிற ஆளுக்கும் கேட்காது. இரவு விளக்கை வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார். காலையில் அவர் மனைவி, "ராத்திரி பூரா அந்த மூதேவிகூடவே படுத்திருந்தாரு" என்று என் மாமியிடம் முறையிடுவாள். மூதேவி என்று வண்டியைத்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் கற்பூரம் காட்டுவதும் அவள்தான்.

வெள்ளாற்றில் தண்ணீர் வருகிற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் அந்த வேனின் மகிமையைப் பார்க்க வேண்டும். பஸ் நின்றுபோகும். மாமாவின் வேன் நிற்காது. அரிசி போன வண்டியில் திரும்பி வரும்போது பிரசவ வேதனைப்படுகிறவள் வருவாள், பாம்பு கடித்தவன் வருவான், பரீட்சைக்குப் போகிற பையன்கள் வருவார்கள். மாமா கருமி என்று ஊரில் பெயர். ஆனால் அந்த மாதிரிச் சவாரிக்கு அவர் ஒரு நாளும் காசு வாங்கியதில்லை. 'வேன் பாட்டுக்கு வருது, இவனுங்க பாட்டுக்கு ஏறிக்கிறானுங்க' என்று ஏதோ தமக்குச் சம்பந்தமில்லாதது போலச் சொல்லிவிடுவார். மருதூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வேனிலேயே பிரசவம் ஆகிவிட்டது. எஞ்சின் மூடியின் மேல் பாத்திரத்தை வைத்துத் தண்ணீர் சுட வைத்தார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாத்திரம் மாத்திரம் கட்டுக்கதை என்று அண்ணன் என்னிடம் சொன்னார். குழந்தை நிஜம்.

ஊரில் வேறு வண்டிகள் வரத் தொடங்கின. மூன்று சக்கர டெம்போ ஏற்கெனவே இருந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனி ஒன்றின் பெயர் அது. 1958-லிருந்து பஜாஜ் டெம்போ கம்பெனியார் இங்கே செய்தார்கள். 1969-ல் அதே கம்பெனியின் மெட்டடோர் வந்தது. ஜெர்மனியில் அந்தப் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பஜாஜ் டெம்போவும் 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. நம் ஊரில் மட்டும் கல்யாணச் சாமான் ஏற்றுகிற எந்த வண்டியும் இன்று வரையில் டெம்போதான். ஹாம்பர்க்கிலும் கோவென்ட்ரியிலும் கைகழுவியதை நாம் எடுத்து வைத்துக்கொண்டோம். ஏழை வீட்டில் பழைய துணிகூட வீணாகாது. முதலில் புடைவை, பிறகு தாவணி, பிறகு தூளி, கடைசியில் கரித்துணி.

1980-களின் நடுவில் ஜப்பானிய வண்டிகள் வந்தன. மாஸ்டா, டொயோட்டா, நிஸ்ஸான், மிட்சுபிஷி என்று ஒவ்வொன்றும் இங்கே ஒரு கூட்டாளியைப் பிடித்துக்கொண்டு இறங்கின. 1986-ல் டாடா 407 வந்தது. நம் பழைய வேன்களுக்கு அதோடு கிரகம் மாறிவிட்டது. பெருங்களத்தூர்க்காரர்களோ 1985-ல் ரோவர் காரின் வடிவத்தில் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அழகான கார். நானே தாம்பரம் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறேன். பழைய எஞ்சினைத்தான் அந்த அழகுக்குள்ளே வைத்திருந்தார்கள். விலையும் எட்டாதது. 1988-ல் எல்லாம் முடிந்துபோயிற்று.

இனிமேல்தான் என் பங்கு வருகிறது.

1987-ல் நான் தாம்பரத்தில் குடியிருந்தேன். ஒரு காரியாலயத்தில் உத்தியோகம். இராத்திரியில் எழுத்து. ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வெளிவந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் அத்தியாயத்தைக் கொடுக்காவிட்டால் ஆசிரியர் ஆள் அனுப்பிவிடுவார். அந்த வருஷம் ஆவணியில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. வேனின் பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் பல் உடைந்துவிட்டது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. ஒரு டன் வண்டியில் பதின்மூன்று வருஷம் இரண்டு டன் ஏற்றினால் யார் பல்தான் நிற்கும்? சிதம்பரத்து லேத் பட்டறையில் புதிதாகப் பல் வெட்டித் தருகிறேன் என்கிறார்களாம், ஆனால் இரும்பு தாங்காது, ஒரு மாதத்தில் போய்விடும் என்று டிரைவர் சொல்கிறானாம். புதுப்பேட்டையில் பழையது வாங்க மாமாவுக்கு இஷ்டமில்லை. 'தொழிற்சாலை உன் வீட்டுக்கு அடுத்த ஸ்டேஷன்தானே? ஒரு நடை போய் விசாரித்து, அசல் பாகம் ஒன்று வாங்கி அனுப்பு. பணம் தனியே அனுப்பியிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

பணம் வந்து சேர்ந்தது. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் ஒரே ஸ்டேஷன். மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் இறங்கிவிடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை ஏது? ஒரு நாள் லீவு போட வேண்டும். லீவு போட்ட நாளில் அத்தியாயம் எழுத வேண்டியிருந்தது. தீபாவளி மலருக்குக் கதை கேட்டிருந்தார்கள். மழை. பிறகு பொங்கல். மாமா இரண்டு கார்டு எழுதினார். 'விசாரித்துக்கொண்டிருக்கிறேன், கிடைத்துவிடும்' என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை எழுதுகையில் எனக்கு அது பொய் என்று தோன்றவில்லை. நாளைக்குப் போகப் போகிறவன் இன்றைக்கே விசாரித்த மாதிரிதானே?

அந்தத் தொடர்கதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனின் சித்தப்பா வீட்டில் ஒரு பழைய வேன் இருக்கிறது. அதை ஓட்டுகிறவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். வண்டியின் பேச்சு தெரிந்தவன். 'பின்னால பல்லைக் கடிக்குது' என்று அவன் சொல்கிற இடத்தை வாசகர்கள் மிகவும் ரசித்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மாள், அந்த டிரைவரை நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது என்று நாலு பக்கம் எழுதினாள். ஆசிரியர் அவனை இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். புவனகிரியில் ஒருவர் வேலையில்லாமல் புளியமரத்தடியில் நிற்கிற வேனைத் துடைத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில், தாம்பரத்தில் நான் அவரை வாரத்துக்கு எட்டுப் பக்கம் ஓட வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் 1988-ல் ஒரு நாள் போனேன். கேட் சாத்தியிருந்தது. காவலாளி ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "போன வருஷம் வந்திருந்தா ஸ்டோர்ல கேட்டுப் பார்த்திருக்கலாம் சார்" என்றார். அவர் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கொஞ்சம் வேர்க்கடலை கொடுத்தார்.

அந்தத் தொழிற்சாலையில் மிச்சம் கிடந்த ரோவர் கார்ப் பாகங்களைப் பின்னாளில் இங்கிலாந்திலிருந்து ஒரு வியாபாரி வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று படித்தேன். அங்கே அந்தக் காருக்குப் பக்தர்கள் இருக்கிறார்கள். அங்கேயிருந்து இங்கே வந்த அச்சு, இங்கேயிருந்து அங்கே போன பாகம்! இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் மிகையாக இருக்கும். சாப்பிட்டேன். தயிர்ச் சாதத்தின்போது மட்டும் அந்த நினைவு வந்தது.

மாமாவுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். 'கம்பெனியை மூடிவிட்டார்கள்' என்று எழுதினேன். அது உண்மை. எப்போது மூடினார்கள் என்று எழுதவில்லை. புதுப்பேட்டையில் பழைய பாகம் ஒன்று தேடிப் பிடித்துப் போட்டுப் பார்த்தார்கள். நாலு மாதம் ஓடியது. பிறகு கடைக்குச் சாமான் ஏற்ற வாடகை வண்டி பிடிக்க ஆரம்பித்தார் மாமா. வேன் புளியமரத்தடியில் நின்றது. கோழிகள் உள்ளே முட்டையிட்டன. 1991-ல் கடலூரிலிருந்து வந்த பழைய இரும்புக்காரன் அதைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொண்டு போனான். நெற்றியிலிருந்த 20 என்ற எழுத்தை மட்டும் மாமா கழற்றி வைத்துக்கொண்டார் என்று மாமி பிறகு சொன்னாள்.

டிரைவர் அண்ணன் கொஞ்ச நாள் கடையிலேயே மூட்டை தூக்கினார். ஓட்டுகிறவன் தூக்குகிறவனாவது ஊர் பார்க்கிற காரியம். அதனால் பரங்கிப்பேட்டைக்குப் போய் மீன் ஏற்றுகிற லாரியில் மாற்று டிரைவராக ஓட்டினார். இராத்திரி ஓட்டம், பனிக்கட்டித் தண்ணீர், உப்புக் காற்று. முழங்கால் இரண்டும் போயிற்று. இதையெல்லாம் நான் நேரில் பார்க்கவில்லை. கல்யாணம், கருமாதி என்று போகிற இடங்களில் காதில் விழுந்தது.

2010-ல் மாமியின் காரியத்துக்காகப் புவனகிரி போனபோதுதான் அவரை மறுபடி பார்த்தேன். கடைத்தெருவில் ஒரு டீக்கடை வாசலில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கைத்தடி பக்கத்தில். எதிரே வெள்ளையாக ஒரு டாடா ஏஸ் நின்றது. 2005-ல் வந்த வண்டி. நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போலந்துக்காரர்களுக்கு வண்டு, நமக்கு யானை! அது அண்ணனுடைய மகனின் வண்டி. பாங்கியில் கடன் வாங்கி வாங்கியிருக்கிறான். வீட்டுச் சாமான், சிமெண்டு மூட்டை, திருவிழாப் பந்தல் எல்லாம் ஏற்றுகிறான்.

"எவ்வளவு ஏத்தறான்?" என்று கேட்டேன்.

"எழுதினதுக்கு மேல ஒரு கிலோ ஏத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணன். பிறகு என்னை உட்காரச் சொன்னார். டீ சொன்னார். என் குழந்தைகளைப் பற்றி விசாரித்தார். மாமியைப் பற்றிப் பேசினோம். வெள்ளிக்கிழமைக் கற்பூரத்தைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். அவர் மனைவி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"உங்க கதைப் புஸ்தகம் லைப்ரரியில இருக்குது தம்பி. பையன்தான் எடுத்தாந்தான். எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்க ஒரு வருஷமாச்சு" என்றார். "நம்மளைத்தான் எழுதியிருக்கீங்க."

ஆமாம் என்றேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது. அந்தக் கால் சூடுகூட." கொஞ்ச நேரம் குட்டி யானையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடைசியில வண்டி நல்லாகி ஓடுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குப் பினியன் எங்க வாங்குனாங்க?"

என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே அந்தச் சந்தேகம் இருந்ததா, அல்லது இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்து கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். அவர் மகன் வந்து வண்டியை எடுத்தான். எஞ்சின் சத்தத்துக்கு அண்ணன் காதைச் சாய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பேரன் நேற்று மறுபடி எழுதியிருக்கிறான். கிழவர் தம் வண்டுக்கு அடியில் படுத்திருக்கிற படம் ஒன்று. கால்கள் மட்டும் தெரிகின்றன. அவருக்கு என்ன பாகம் வேண்டியிருக்கிறதாம் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.